மராந்தாவா, மறந்தாவா?

சிங்கப்பூரில், தோ பாயோ ஈரச்சந்தைக்கு வஞ்சிரம் வாங்கப் போனவன், 12 வெள்ளி கொடுத்து ஒரு செடியோடு வீடு திரும்பினேன்.

என் மேல் மட்டும் தப்பில்லை. மீன் கடைக்குப் போகிற வழியில்தான் செடி விற்கிறவர் கடை போட்டிருந்தார். கரும்பச்சை இலை, நடுவில் வெளிர்பச்சைத் தீற்றல், இரண்டு பக்கமும் வரிவரியாகச் சிவப்பு நரம்பு. மீனைச் சாப்பிட்டு முடித்ததும் தட்டில் மிஞ்சுமே, அதே முள். "மீன் எங்கே?" என்று கேட்ட மனைவியிடம் தொட்டியை நீட்டி, "முள் மட்டும்தான் கிடைச்சுது" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அன்று மதியம் ரசமும் அப்பளமும்.

அம்மாவுக்குத்தான் செடி பிடித்துப்போனது.

"பேரென்னடா?"

"மராந்தா."

"என்னத்த மறந்தா?"

"மறந்தா இல்லம்மா, மராந்தா. செடியோட பேரு."

"சரி, தண்ணி ஊத்த மறந்தா என்ன ஆகும்?"

"வாடிடும்."

"அப்ப சரியாத்தான் பேரு வச்சிருக்கான்."

பெயர் வந்த கதை வேறு. 16ஆம் நூற்றாண்டில் பர்தொலோமியோ மராந்தா என்று இத்தாலியில் ஒரு மருத்துவர் இருந்தார், செடிகொடி ஆராய்ச்சியும் செய்தவர். அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். செடியின் பூர்வீகம் பிரேசில் காடு. பெரிய மரங்களின் நிழலில், ஈரத் தரையில் படர்ந்து வளரும். வயிறு சரியில்லாத நாட்களில் அம்மா எனக்குக் காய்ச்சிக் கொடுத்த ஆரோரூட் கஞ்சி இருக்கிறதே, அந்த மாவு தருகிற கூவைக்கிழங்கும் ஒரு மராந்தாதான். இதைச் சொன்னதும் அம்மா தொட்டி மண்ணைச் சந்தேகத்தோடு பார்த்தார். "இதுலயும் கிழங்கு வைக்குமா?" மருமகள் மீன் கேட்கிறாள், மாமியார் கிழங்கு கேட்கிறார். அழகுக்கென்று ஒரு செடி வீட்டில் இருக்க முடியாது போலிருக்கிறது.

அன்று சாயங்காலம்தான் விஷயமே. ஏழு மணிக்கு அம்மா விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால், மதியம் முழுக்கத் தட்டையாகக் கிடந்த இலைகள் மெல்ல நிமிர்ந்துகொண்டிருக்கின்றன. எட்டு மணிக்கு எல்லா இலையும் செங்குத்து. சோடி சோடியாகக் கை கூப்பி நிற்கிற மாதிரியே இருந்தது. ஆங்கிலத்தில் இதற்குப் பிரேயர் பிளான்ட் என்று பெயர் வந்ததே இதனால்தான் என்று அம்மாவிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது.

"எல்லாரும் வாங்க, வந்து பாருங்க. இந்த வீட்ல சாமி கும்பிடுற ஆள் ஒண்ணு வந்திருக்கு!"

உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "பாட்டி, அது கும்பிடல. இலையும் காம்பும் சேர்ற இடத்துல முட்டி மாதிரி ஒண்ணு இருக்கு பாருங்க. அதுக்குள்ள தண்ணி ஒரு பக்கத்துலருந்து இன்னொரு பக்கம் போகும். அதான் இலை ஏறி இறங்குது."

உண்மைதான். விரலால் தடவிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சற்றுப் புடைத்துத் தெரிகிறது. நம் சாலையோரம் குடை பிடித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் செய்வதும் இதே வேலைதான். மலாய்க்காரர்கள் அந்த மரத்தை 'பூக்கோல் லீமா' என்பார்கள், ஐந்து மணி என்று அர்த்தம். ஐந்து மணி வாக்கில் இலையை மூடிவிடும்.

"நான் விளக்கேத்தினப்புறம்தானே கும்பிட்டுச்சு?" என்றார் அம்மா.

"1729ல பிரான்ஸ்ல ஒருத்தர் தொட்டாச்சிணுங்கிய இருட்டுக்குள்ள வச்சுப் பார்த்தாராம் பாட்டி. வெளிச்சமே படாம அது பாட்டுக்கு நேரத்துக்கு விரிஞ்சு மூடுச்சாம். செடிக்குள்ளயே ஒரு கடிகாரம் இருக்கு."

"அவன் விளக்கேத்திப் பார்த்தானா?"

மகள் மறுபடி போனுக்குள் போய்விட்டாள்.

மறுநாளே செடி வரவேற்பறைச் சன்னலிலிருந்து சாமி அலமாரிப் பக்கம் குடிபெயர்ந்தது. மூன்றாம் நாள் தொட்டிக்கு விபூதிப் பட்டை. வெள்ளிக்கிழமை ஒன்பதாம் மாடி மாமி, தேக்காவிலிருந்து வாங்கி வந்த மல்லிகையில் ஒரு முழம் கிள்ளி எடுத்துக்கொண்டு தரிசனத்துக்கு வந்தார். ஏழேகாலிலிருந்து எட்டு வரை காத்திருந்து, இலை நிமிர்ந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். கோயிலென்றால் மடப்பள்ளியும் வேண்டுமே.

இதற்கிடையில் ஒரு ராத்திரி. எல்லோரும் படுத்தாகிவிட்டது, நான் மட்டும் வரவேற்பறையில் அலுவலகக் கணக்கு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாமி அலமாரிப் பக்கம் 'சரக்' என்று ஒரு சத்தம். நின்றது. மறுபடி 'சரக், சரக்'. கரப்பான்தான், சந்தேகமே இல்லை. சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி நெருங்கினேன். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அம்மா விளக்கைப் போட்டார். சாமி படத்துக்கு நேராகச் செருப்பை ஓங்கிக்கொண்டு மகன் நிற்கிறான். ஒரு வார்த்தை பேசாமல் என்னையே பார்த்தார். அப்போது மூன்றாவது முறை 'சரக்' கேட்டது. ஓர் இலை இன்னோர் இலை மேல் உரசிக்கொண்டு இடம் மாறியது, அவ்வளவுதான். செடி கை கூப்பும் சத்தம். இதை விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா நெற்றியில் விபூதி பூசிவிட்டார், எனக்கு.

ஒரு மாதம் போனது. இலை ஓரமெல்லாம் பழுப்பு. முதலில் நுனி, அப்புறம் விளிம்பு, நெருப்பில் காட்டி எடுத்த அப்பளம் மாதிரி மொரமொரவென்று ஆனது. காரணம் தேடினால் முதல் பதிலே, காற்றில் ஈரம் போதவில்லை என்று வந்தது. எனக்குக் கோபமே வந்துவிட்டது. பூமத்திய ரேகையிலிருந்து 137 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர். வெளியே காற்றில் ஈரப்பதம் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடந்தால் சட்டை நனைகிறது. இங்கே வந்து ஒரு காட்டுச் செடிக்கு ஈரம் போதவில்லையா?

நிமிர்ந்து பார்த்தேன். சாமி அலமாரிக்கு நேர் மேலே ஏர்கான், 23 டிகிரியில். சாமிக்குப் புழுங்கக் கூடாதென்று அம்மாதான் காற்று அந்தப் பக்கம் வீசும்படி திருப்பி வைத்திருந்தார். ஏர்கான் குளிர வைக்கும்போதே காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். வெப்பமண்டல நாட்டில் ஒரு வெப்பமண்டலச் செடியை வாங்கி, காசு செலவழித்துக் குளிர்நாட்டில் குடிவைத்திருக்கிறோம்.

காற்றை ஈரமாக்கும் இயந்திரம் ஒன்று 39 வெள்ளிக்கு வாங்கினேன். மேலே ஒன்று ஈரத்தை உறிஞ்சியது, கீழே ஒன்று ஈரத்தைக் கக்கியது. "ரெண்டும் சண்டை போட்டுக்கட்டும், கரண்டு பில்லை நாம கட்டுவோம்" என்றாள் மனைவி. மூன்று நாளில் சாமி படக் கண்ணாடிக்குள் பனி படர்ந்ததும் அம்மாவே அதை நிறுத்திவிட்டார்.

அடுத்தது கூழாங்கல் தட்டு. அகலமான தட்டில் கூழாங்கல் பரப்பி, பாதி தண்ணீர் ஊற்றி, மேலே தொட்டியை வைத்தால் ஆவி எழும்பி இலைக்கு ஈரம் கிடைக்குமாம். செய்தேன். குழாய்த் தண்ணீரும் ஆகாது என்று படித்தேன். இங்கே 1950களிலிருந்தே பல்லுக்கு நல்லதென்று தண்ணீரில் ஃபுளோரைடு சேர்க்கிறார்கள். பல்லுக்கு நல்லதுதான், மராந்தாவுக்குப் பல் இல்லையே. வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. ஆகவே மழைத் தண்ணீர். துணி காயப்போடும் கழிகளுக்குப் பக்கத்தில் வாளியை வைத்துப் பிடித்து, சமையலறை மூலையில் சேமித்துக்கொண்டேன்.

இவ்வளவு படித்தவனுக்கு, எந்த ஊரில் உட்கார்ந்து படிக்கிறோம் என்பது மட்டும் உறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அடையாள அட்டை, கையில் டார்ச், முகத்தில் நல்ல சிரிப்பு. டெங்கிக் கொசுச் சோதனை. மலாய்க்காரத் தம்பி, இருபத்தைந்து வயதிருக்கும். "ஆண்ட்டி, வீட்டுக்குள்ள பார்க்கலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மா பெருமையாக உள்ளே அழைத்தார். எங்கள் வீட்டில் குளியலறை முதல் அடுப்படி வரை எதிலும் பொட்டுத் தண்ணீர் நிற்காது. என் வாளியையும் தட்டையும் தவிர.

முதலில் வாளி. மூன்று நாள் மழைத் தண்ணீர். டார்ச் அடித்துப் பார்த்தார், ஒன்றுமில்லை. அப்புறம் சாமி அலமாரிப் பக்கம் திரும்பினார். அம்மா குறுக்கே போய், தமக்குத் தெரிந்த பாசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில், "ஆயிர் சூச்சி, ஆயிர் சூச்சி" என்றார். புனிதத் தீர்த்தமாம். தம்பி மரியாதையாகச் செருப்பில்லாத காலைப் பார்த்துக்கொண்டு, தட்டின் முன் குந்தி உட்கார்ந்தார். நானும் குந்தினேன். மகளும் வந்து குந்தினாள். டார்ச் வெளிச்சம் ஒவ்வொரு கல்லாக நகர்ந்தது. இரண்டு கூழாங்கல்லுக்கு நடுவில், கறுப்பாக, மெல்லிசாக, ஏதோ ஒன்று அசைந்தது.

வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் 200 வெள்ளி. 12 வெள்ளிச் செடி, 39 வெள்ளி இயந்திரம், இப்போது இது. மனத்துக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். தம்பி பையிலிருந்து சொட்டுக்குழாயை எடுத்து அதை உறிஞ்சி, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நான்கு தலைகள் அண்ணாந்து பார்த்தன.

விளக்குத் திரியின் கரி.

தம்பியும் பெருமூச்சு விட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஏடிஸ் முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும், வாளியைக் கவிழ்த்து வையுங்கள், இந்தத் தட்டு வேண்டவே வேண்டாம் என்று பொறுமையாகச் சொன்னார். போகும்போது அம்மாவிடம் திரும்பி, "சாமிச் செடி ஓகே ஆண்ட்டி. சாமித் தண்ணி நாட் ஓகே" என்றார்.

குளியலறைதான் இந்தச் செடிக்குச் சரியான இடம் என்று அன்று மாலை மகள் தீர்ப்புச் சொன்னாள். ஈரம் இருக்கிறது, மங்கலான வெளிச்சம் இருக்கிறது, ஏர்கான் இல்லை. எல்லாம் நியாயம்தான். "கும்பிடுற செடியக் கொண்டுபோய்க் கக்கூஸ்லயா வைப்பீங்க?" என்று அம்மா கேட்ட கேள்விக்கு அறிவியலில் பதில் இல்லை.

கடைசியில் அடுத்த வீட்டுச் சீன ஆண்ட்டிதான் தீர்த்துவைத்தார். எங்கள் தளத்து நடைபாதையில் அவர் வீட்டு முன்னால் மட்டும் ஒரு காடு நிற்கும். பண்டான், பெரணி, எங்கள் வீட்டுக் குழம்புக்குப் போகும் கறிவேப்பிலை எல்லாம் அங்கேதான். அவரும் அம்மாவும் முப்பது வருடமாகப் பாசார் மலாயிலேயே குடும்பம் நடத்துகிறார்கள். செடியைப் பார்த்தார், இலையைத் திருப்பினார், எங்கள் வீட்டுக்குள் கையை நீட்டிக் குளிரை உணர்ந்தார். "போக்கோ தா சுக்கா செஜுக்" என்றார். செடிக்குக் குளிர் பிடிக்காது. ஒரு மாதம் நான் படித்ததெல்லாம் நாலே வார்த்தை.

வெயில் நேராகப் படாமல், பெரணிக்குக் கீழே இடம் ஒதுக்கினார். நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டுமே என்று டேப் வைத்து அளந்த பிறகுதான் தொட்டியை வைத்தார். பழுப்பு ஓரங்களைக் கத்தரித்துவிட்டார். கணுவுக்குக் கீழே ஒரு தண்டை வெட்டிப் பழைய சோயா சாஸ் பாட்டிலில் தண்ணீரில் நட்டு, "ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி மாத்தணும்" என்று என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். கொசுச் சோதனைக் கதை தளம் முழுக்கப் பரவியிருந்தது.

அதே குழாய்த் தண்ணீர்தான். மூன்றே வாரத்தில் புது இலை வந்தது. பீடாவுக்கு மடித்த வெற்றிலை மாதிரி இறுக்கிச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து, நாலு நாளில் விரிந்தது. ஓரத்தில் பழுப்பு இல்லை.

இப்போது சாயங்காலம் ஏழு மணிக்கு ஆண்ட்டி தன் வாசலில் இருக்கும் சிவப்புத் தகரத்தில் ஊதுபத்தி செருகுகிறார், அதற்குப் பக்கத்தில் மராந்தா கை கூப்புகிறது. இடம் மாறி வேறு சாமியைக் கும்பிடுகிறதே என்று கேட்டேன். "எந்த வாசல்ல இருந்தா என்ன, நேரம் தவறல பாரு" என்றார் அம்மா.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு நாள் கழித்து ஆண்ட்டிக்குச் செடியின் பெயர் தெரிந்துகொள்ள ஆசை வந்தது.

"மராந்தா" என்றார் அம்மா.

"மாரா?" ஆண்ட்டி பதறிப்போனார். மலாயில் மாரா என்றால் கோபம். "சியாப்பா மாரா?" யாருக்குக் கோபம்?

அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் எங்கள் வீட்டுக் கதவைக் கை காட்டினார். உள்ளே என் மனைவி, ஈரச்சந்தையிலிருந்து நான் கொண்டுவந்திருந்த இரண்டாவது தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.