ஒஸ்லோவில் ஞாயிற்றுக்கிழமை: பிள்ளை, காடு, நாய்

நோர்வேயில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு. பெரும்பாலும் 100 சதுர மீட்டருக்குள் அடங்கும் சின்னக் கடைகளும் பெற்றோல் நிலையங்களும்தான் திறந்திருக்கும். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியோடு போய்விடும். பிள்ளைகளை அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடத்தில் இறக்கிவிட்டு, அந்த இடைவெளியில் மீனும் மரக்கறியும் வாங்கி, பின்னேரம் யாராவது வீட்டுப் பிறந்தநாளுக்குப் போய்வந்தால் நாள் முடிந்தது. மிஞ்சுவது ஞாயிறு. நோர்வேஜியக் குடும்பங்கள் அன்றைக்குக் காட்டுக்கு வெளிக்கிடும். புதிதாக வந்த தமிழ்க் குடும்பம் வீட்டுக்குள் இருக்கும். மத்தியானத்துக்குப் பிறகு மூன்று வயதுப் பிள்ளை சோபாவிலிருந்து குதிக்கத் தொடங்கும், கீழ்வீட்டுக்காரர் கூரையில் தட்டுவார். குளிரைக் குறை சொல்லிப் பயனில்லை. என்ன உடுப்பது, எந்த ஒழுங்கில் உடுப்பது என்று தெரிந்தால் முக்கால்வாசிப் பிரச்சினை வாசலிலேயே தீர்ந்துவிடும்.

உடுப்பு மூன்று அடுக்கு. உடம்போடு ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளியில் நீளக் கைச்சட்டையும் நீளக் காற்சட்டையும். நடுவில் தடித்த கம்பளி அல்லது பிளீஸ். வெளியே காற்றும் ஈரமும் புகாத முழு உடுப்பு. இங்கே அதை பார்க்டிரெஸ் என்பார்கள். உள்ளே பருத்தி பெனியனைப் போட்டுவிட்டு மேலே எத்தனை ஜக்கெட் அடுக்கினாலும் வேலைக்காகாது. பிள்ளை ஓடும், வியர்க்கும், பருத்தி அந்த ஈரத்தைத் தோலோடு பிடித்து வைத்திருக்கும், ஓட்டம் நின்றதும் நடுக்கம் தொடங்கும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். ஊரிலிருந்து வரும் அம்மம்மாமார் முதலில் பருத்தி பெனியன் இரண்டு, அதற்கு மேல் கம்பளி என்று போட்டுவிடுவார்கள். அன்புதான், ஆனால் கம்பளியின் பயன் அங்கேயே கெட்டுவிடுகிறது.

பிள்ளைகளின் உடுப்பு அளவு உயரத்தைச் சென்டிமீட்டரில் சொல்லும்: 86, 92, 98, 104. கம்பளியைச் சரியான அளவில் வாங்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் இடையில் குளிர்காற்று நிற்கும். பார்க்டிரெஸ் மட்டும் ஓரளவு பெரிதாக இருக்கலாம். குளிர்காலச் சப்பாத்தில் கால்விரலுக்கு முன்னால் ஒன்றரைச் சென்டிமீட்டர் இடம் தேவை. இறுகிய சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறை போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும். கம்பளியை 30 பாகையில், கம்பளிக்குரிய சவர்க்காரத்தில் கழுவுங்கள். துணி மென்மையாக்கி ஊற்றக் கூடாது, உலர்த்தும் இயந்திரத்தில் போடவும் கூடாது. போட்டால் 98 அளவுச் சட்டை பொம்மைக்குத்தான் ஆகும். எல்லாம் புதிதாக வாங்க வேண்டும் என்றில்லை. பின்.நோ (finn.no) என்ற இணைய விற்பனைத் தளத்தில் ஒரு குளிர்காலம் மட்டும் போட்ட பார்க்டிரெஸ் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். முழங்காலும் இருக்கைப் பகுதியும் தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தேய்ந்தால் ஈரம் அங்கேதான் புகும்.

உடுக்கும் ஒழுங்கும் முக்கியம். முதலில் பெரியவர்கள் முழுதாக உடுத்திவிட வேண்டும், பிறகுதான் பிள்ளை. மாற்றிச் செய்தால், நீங்கள் சப்பாத்து நூல் கட்டும் ஐந்து நிமிடத்தில் பிள்ளை 22 பாகை வீட்டுக்குள் வியர்த்து, நனைந்த உள்ளுடுப்போடு வெளியே போகும். கம்பளி போட்டவுடன் கழிப்பறை. பார்க்டிரெஸ் போட்ட பிறகு இல்லை. வெளியே போனபின் பிள்ளைக்குக் குளிர்கிறதா என்று அறிய கையைத் தொடாதீர்கள், கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியில் இரண்டு விரல் வைத்துப் பாருங்கள். சூடாக, உலர்வாக இருந்தால் சரி. ஈரமாக இருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள்.

காரில் போவதென்றால் தடித்த பார்க்டிரெஸோடு இருக்கையில் கட்டாதீர்கள். பட்டிக்கும் உடம்புக்கும் இடையில் பஞ்சு நிற்கும். மோதலில் பஞ்சு அமுங்க, பட்டி தளர்ந்துவிடும். கம்பளியோடு கட்டி, மேலே போர்வை போடுங்கள். நான்கு வயதுவரை பின்நோக்கிய இருக்கை என்பதுதான் இங்குள்ள பரிந்துரை. உறவினர் கார் தானே, பக்கத்துத் தெரு தானே என்று மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும். 135 சென்டிமீட்டருக்குக் குறைந்த பிள்ளைக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம்.

பார்னஹாகே என்ற பாலர் பள்ளியில் பிள்ளைகளைத் தினமும், மழையோ பனியோ, வெளியே விடுவார்கள். ஆகவே இந்த உடுப்புச் செலவு எப்படியும் தப்பாது. மாதக் கட்டணத்தின் உச்சவரம்பு 2025 ஓகஸ்ட்டிலிருந்து 1200 குரோனர். சாப்பாட்டுக்காசு தனி. அங்கே பிள்ளையின் அலுமாரித் தட்டில் எப்போதும் ஒரு முழு மாற்றுடுப்பும் இரண்டு சோடி கையுறையும் இருக்கட்டும். எல்லாவற்றிலும் பெயர் ஒட்டுங்கள், ஏனென்றால் பாதிப் பிள்ளைகளிடம் அதே நீல நிறம்தான் இருக்கும். நீளச் சால்வை அனுப்பக் கூடாது. சறுக்கு மரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கும். தலையால் போடும் கழுத்துக் குழாய் போதும். சின்னப் பிள்ளைகளை மத்தியானம் வண்டியிலேயே வெளியே தூங்க வைப்பார்கள், பொதுவாகக் குளிர் கழித்தல் 10 பாகைவரை. ஆட்டுத்தோல் விரிப்பும் தடித்த உறைப்பையும் கொடுத்தால் பயப்பட ஒன்றுமில்லை. பன்றி, மாடு சாப்பிடாத வீடானால் முதல் நாளே எழுதிக் கொடுங்கள். காட்டுக்குப் போகும் நாளில் நெருப்பில் சுடுவது பெரும்பாலும் சொசேஜ்தான். கோழியில் செய்ததையோ மரக்கறியில் செய்ததையோ வாங்கி வைப்பார்கள்.

சரி, எங்கே போவது? தமிழர்கள் அதிகம் இருக்கும் குரோரூட் பள்ளத்தாக்கிலிருந்து காடு அடுத்த தெருவில்தான் தொடங்குகிறது. குரோரூட்டுக்கு மேலே லில்லோமார்க்காக் காட்டின் ஓரத்தில் ஸ்டைன்புரு ஏரி. கோடையில் அங்கே குளிக்கலாம். தெற்குப் பக்கம் ஓஸ்ட்மார்க்காக் காடு, அதன் ஒரு பகுதி 2023இல் தேசியப் பூங்கா ஆனது. கைக்குழந்தை வண்டியோடு முதல்முறை போகிறவர்களுக்கு என் தெரிவு சொங்ஸ்வான். ஐந்தாம் இலக்கத் தே-பானே (நகர ரயில்) பாதையின் கடைசி நிலையத்தில் இறங்கினால் ஏரி கண்முன்னே. சுற்றிவர மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட, பெரும்பாலும் மட்டமான பாதை, வழியெல்லாம் இருந்து சாப்பிட இடம். மழை நாளுக்கு ஸ்டொவ்னர் கோபுரம் நல்லது: 2017இல் திறந்தது, மரங்களுக்கு மேலே வளைந்து ஏறும் 260 மீட்டர் நடைபாதை, வண்டி தள்ளலாம், செலவில்லை. புரொக்னர்சேத்ரனிலிருந்து மிட்ஸ்தூவன்வரை இரண்டு கிலோமீட்டர் சறுக்கி இறங்கும் கொர்க்கட்ரெக்கரன் பாதையை எல்லாரும் சொல்வார்கள். 255 மீட்டர் இறக்கம், வேகமும் வளைவும் அதிகம். பள்ளிக்கூட வயதுக்கு முன் வேண்டாம். சின்னவர்களுக்குக் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் மேடும், ஒரு சறுக்குத் தட்டும், தலைக்கவசமும் போதும்.

பனிச்சறுக்குக் கட்டைகளை வாங்க அவசரப்படாதீர்கள். பூவா என்ற இரவல் நிலையங்கள் பல பகுதிகளில் உண்டு. சறுக்குக் கட்டை, சப்பாத்து, கூடாரம் என்று ஒரு வாரம்வரை இலவசமாகத் தருவார்கள். தொடங்கும் பிள்ளைக்கு அடியில் உரோமப் பட்டை ஒட்டிய கட்டையைக் கேளுங்கள். மெழுகு பூசும் கட்டையில் வெப்பநிலைக்கேற்ற மெழுகு தெரியாவிட்டால் பிள்ளை ஏற்றத்தில் பின்னோக்கிச் சறுக்கும், அடுத்த ஞாயிறு வரமாட்டேன் என்று அழும்.

சாப்பாடு பாதிப் பயணம். புட்டும் இடியப்பமும் குளிரில் அரை மணியில் கல்லாகிவிடும். ரோல்ஸ், ரொட்டிக்குள் சுற்றிய உருளைக்கிழங்குக் கறி, முட்டை போன்றவை தாங்கும். எல்லாவற்றையும்விடச் சுடுநீர்ப் போத்தலில் இரசம் அருமை. போத்தலுக்குள் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்து, அதைக் கொட்டிவிட்டுப் பிறகு இரசத்தை ஊற்றுங்கள். மூன்று நாலு மணி நேரம் ஆவி பறக்கும். பிள்ளைக்குப் பசிக்க முன் நிறுத்திக் கொடுக்க வேண்டும். பசியும் குளிரும் சேர்ந்து வந்தால் தூக்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். ஈரத்தில் இருக்க நுரைத் தட்டு ஒன்று ஆளுக்கு. டிசம்பரில் மூன்றரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஆகவே பத்து மணிக்கே வெளிக்கிடுங்கள். ஒளிதெறிக்கும் பட்டி இல்லாமல் நடக்கிறவரை ஓட்டுநர் 25, 30 மீட்டரில்தான் காண்பார். பட்டி இருந்தால் 140 மீட்டரில்.

நெருப்பு மூட்டுவதற்கு ஒரு திகதி உண்டு. ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் காட்டோரத்திலும் திறந்த நெருப்புத் தடை. அனுமதித்த இடங்களும், தீப்பிடிக்க வழியே இல்லை என்று தெளிவாகத் தெரியும் இடங்களும் விலக்கு. அதே காலத்தில் உண்ணியும் வரும். வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம், இடுப்பு மடிப்பு, காதின் பின்புறம், முடிக்குள் பாருங்கள். ஒட்டியிருந்தால் சின்னக் கிடுக்கியால் தோலுக்கு மிக நெருக்கமாகப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் பூச வேண்டாம், நெருப்புக்குச்சி வைக்க வேண்டாம். பிறகு வரும் நாட்களில் சிவப்பு வளையம் பரவினால் மருத்துவரிடம் போங்கள். காளான் பறிப்பது தெரிந்தவர்களின் வேலை. ஊர்க் காளான் போலவே வெள்ளையாக நிற்கும் ஒன்று கொல்லும். பிள்ளை எதையாவது வாயில் போட்டுவிட்டால் நஞ்சுத் தகவல் நிலையம், 22 59 13 00, இரவும் பகலும் எடுப்பார்கள். புளூபெரி மட்டும் தாராளமாகப் பறிக்கலாம். யாருடைய காடு என்று கேட்க வேண்டியதில்லை, 1957ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாருக்கும் நடக்க இடம் கொடுக்கிறது.

காட்டில் நாலு நாயைக் கண்டபின் பிள்ளை நாய் கேட்கும். இங்கே விலங்குநலச் சட்டம் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் விலங்கின் பொறுப்பைத் தனியாக விடக் கூடாது என்கிறது. எனவே "நீதான் பார்க்க வேணும்" என்ற ஒப்பந்தம் செல்லாது. குளிர் கழித்தல் 15இல் காலை ஆறரைக்கு நாயோடு வெளியே நிற்கப்போவது அப்பாவா அம்மாவா என்பதை முதலில் தீர்மானியுங்கள். அடுக்குமாடிக் கூட்டுறவின் விதிகளையும் வாசியுங்கள். விதி தடுத்தாலும், தக்க காரணம் இருந்து அயலவருக்கு இடைஞ்சல் இல்லையென்றால் வளர்க்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனாலும் முன்கூட்டியே நிர்வாகக் குழுவோடு கதைப்பது நல்லது. கினிப் பன்றி எளிது என்று நினைப்பார்கள். அது கூட்டமாக வாழும் பிராணி, குறைந்தது இரண்டு வேண்டும். எந்நேரமும் உலர்ந்த புல் வேண்டும். வைற்றமின் சி தானாக அதன் உடம்பில் உண்டாகாததால் தினமும் குடைமிளகாய் போல ஏதாவது கொடுக்க வேண்டும்.

நாய் வந்துவிட்டால் ஏப்ரல் 1 முதல் ஓகஸ்ட் 20 வரை நாடெங்கும் கயிற்றில்தான் கொண்டுபோக வேண்டும். மேயும் ஆடுகளும் குஞ்சு பொரிக்கும் பறவைகளும்தான் காரணம். மாரியில் வீதியில் போடும் உப்பு பாதத்தை வெடிக்க வைக்கும், வந்ததும் வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடையுங்கள். ஊரில் வளவு நாய்க்கு மிச்சச் சோறும் கறியும் போட்ட பழக்கம் இங்கே வேண்டாம். ஊர் நாய்க்கும் அது நல்லதில்லை. வெங்காயமும் உள்ளியும், சமைத்தாலும், நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். பாயசத்து முந்திரிகைவற்றல் (உலர்திராட்சை) சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். கைப்பையில் கிடக்கும் சீனியில்லாச் சுவிங்கத்தில் உள்ள சைலிற்றோல் சிறிதளவே போதும், நாயின் இரத்தச் சீனி சரிந்துவிடும்.

கடைசியாக, பலர் எல்லையில் மாட்டிக்கொள்ளும் விசயம். ஒஸ்லோத் தமிழர்கள் மலிவு இறைச்சிக்கும் பானத்துக்கும் ஸ்வீனசுன்ட் பாலம் தாண்டி சுவீடன் போய்வருவது வழக்கம்; நாயையும் காரில் ஏற்றிக்கொள்வார்கள். இறைச்சியும் பாற்கட்டியும் சேர்த்து ஆளுக்கு 10 கிலோ என்ற வரம்பு எல்லாருக்கும் தெரியும். நாய்க்கு உள்ள விதி தெரியாது. திரும்பி நோர்வேக்குள் வரும் நாய்க்குத் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப், விசர்நாய்த் தடுப்பூசி, செல்லப்பிராணிக் கடவுச்சீட்டு, நாடாப்புழு மருந்து எல்லாம் வேண்டும். தடுப்பூசி 12 வாரத்துக்குப் பிறகுதான் போடலாம், போட்டு 21 நாள் பொறுக்க வேண்டும், ஆகவே 15 வாரத்துக்குக் குறைந்த குட்டி எல்லை தாண்டவே முடியாது. புழு மருந்தை எல்லைக்குள் வருவதற்கு 24 மணித்தியாலத்துக்கு முன், 120 மணித்தியாலத்துக்கு உள்ளே, மிருக வைத்தியர் கொடுத்து நேரத்தோடு கடவுச்சீட்டில் பதிய வேண்டும். சனிக்கிழமை காலை போய் மாலை திரும்புகிறவர் வெள்ளி பின்னேரம் வைத்தியரிடம் போனால் கணக்குச் சரிவருமா என்று மணியைப் பார்க்க வேண்டும். அடிக்கடி போகிறவர்களுக்கு 28 நாள் முறை உண்டு: முதல் பயணத்துக்கு முன் 28 நாளுக்கு மேற்படாத இடைவெளியில் இரண்டு தடவை மருந்து, பிறகு 28 நாளுக்கு ஒருமுறை விடாமல். ஒரு நாள் தவறினாலும் திரும்பத் தொடக்கத்திலிருந்து. மாதம் ஒருமுறைக்குக் குறைவாகப் போகிறவர்கள் நாயை அன்றைக்குப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவதுதான் மலிவு.