ஹாந்தி தாள் இரண்டாம் முறையில் தேறியது: வினையைத் தொடும் முன் கேள்வியைத் தேடுங்கள்

நேற்று மாலை முடிவு வந்தது. ஹாந்தி, மேற்குச் சைபீரியாவில் பேசப்படும், ஹங்கேரியனுக்கு உறவான மொழி; அதன் இலக்கணத் தாளில் தேறிவிட்டேன். போன பருவத்தில் இதே தாளில்தான் அரியர் விழுந்தது. அடுத்து எழுதப்போகிறவர்களுக்காக எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

நான் சறுக்கியது ஒரே இடத்தில். ஹாந்தியின் வடக்குப் பக்கத்து ஒப்தோர்ஸ்க் கிளைமொழியில் 'இந்தப் பனிமானைக் கொன்றேன்' என்பதை இரண்டு விதமாகச் சொல்லலாம்: 'மா தாம் காலாங் வேல்ஸம்', 'மா தாம் காலாங் வேல்ஸேம்'. முதல் வினை எழுவாயோடு மட்டும் இயைகிறது. இரண்டாவது, கொல்லப்பட்டது ஒன்று என்பதையும் சேர்த்துக் காட்டுகிறது; இரண்டு மான், பல மான் என்றால் விகுதி மாறும். நான் ஹங்கேரியன் படித்துவிட்டு வந்தவன். அங்கே செயப்படுபொருள் இன்னதென்று தெரிந்ததாக இருந்தால் வினை மாறும். தமிழிலும் 'மான் பார்த்தேன்', 'மானைப் பார்த்தேன்' என்ற வேறுபாடு காதில் ஊறியிருக்கிறது. அதனால் 'தாம்' ('இந்த' என்று பொருள்) வந்தாலே இரண்டாவது வடிவம்தான் என்று விடைத்தாள் முழுக்க எழுதிவைத்தேன். மேலே பாருங்கள், இரண்டு வாக்கியத்திலும் 'தாம்' இருக்கிறது!

ஹாந்தியை ஆராய்ந்த மொழியியலாளர் ஈரீனா நிகோலாயெவாவின் விளக்கத்தை நிதானமாகப் படித்த பிறகுதான் பிடிபட்டது. 'எதைக் கொன்றாய்?' என்று கேட்டால் விடை வேல்ஸம். 'இந்த மானை என்ன செய்தாய்?' என்று கேட்டால் வேல்ஸேம். மான் ஏற்கெனவே பேச்சுக்குள் வந்துவிட்டதா என்பதே கணக்கு. அப்புறம் மூன்று வாரம், தினம் இருபது வாக்கியம் எடுத்து, ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்கு விடை என்று ஓரத்தில் எழுதினேன். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

மற்றவை:

- செயப்பாட்டுவினைக்கும் இதே கேள்விதான். பேச்சு செய்தவரைப் பற்றியது இல்லையென்றால் அவர் இடவேற்றுமைக்குப் போய்விடுவார்.
- 'உன்' என்ற உடைமை விகுதியைக் கண்டதும் 'உன்னுடைய' என்று மொழிபெயர்க்காதீர்கள். பல இடங்களில் அது வெறும் 'அந்த'.
- எச்சவடிவம் வினைமுற்றாக நின்றால், சொல்பவர் நேரில் காணாமல் ஊகித்ததா என்று பாருங்கள்.
- வேற்றுமை: கசீம் கிளைமொழியில் பெயர்ச்சொல்லுக்கு மூன்றே. ஒரு மாலை போதும்.

மொழித்தொடர்பு நெடுவினாவில் பலரும் ரஷ்ய மொழியோடு நின்றுவிடுகிறார்கள். அக்கம்பக்கத்து மொழிகளான வடக்கே கோமியும் நேனெத்ஸும், தெற்கே தாத்தாரும் அதற்கு முன்பே சொல் கொடுத்தவை. நான் எழுதிய உதாரணம் 'ஞாஞ்', அதாவது ரொட்டி. ஈரானிய மொழியிலிருந்து கோமிக்கு வந்து, அங்கிருந்து ஹாந்திக்குப் போன சொல். நம் ஊர் ஹோட்டலில் கேட்டு வாங்கும் நானுக்கும் அதே வேர்தான். இதைப் படித்த அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

எண்களை வெறுமனே ஒப்பிக்காதீர்கள். 2010 கணக்கெடுப்பில் ஹாந்தி மக்கள் ஏறக்குறைய 31,000 பேர். மொழி தெரியும் என்றவர்கள் 9,500 பேர் அளவில்தான். விடுதிப் பள்ளிகளையும், 1960களில் ஹாந்திகள் வாழும் ஓப் ஆற்றுப் படுகைக்கு வந்த எண்ணெய்த் தொழிலையும் இதோடு சேர்த்து எழுதினால்தான் பதில் நிற்கும். தெற்குக் கிளைமொழி இன்று யார் வாயிலும் இல்லை. ஃபின்லாந்து மொழியியலாளர் கர்யலைனன் 1900ஐ ஒட்டித் திரட்டியது போன்ற பழைய பதிவுகள்தான் மிச்சம். அந்தப் பகுதி வினாத்தாளில் வந்தால் அவசரமாகப் பிரித்துப் போடாமல் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

கடைசியாக ஒன்று, எந்த ஒலிபெயர்ப்பு முறையில் எழுதுகிறீர்கள் என்பதை விடைத்தாளின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்டைனிட்ஸ் தொகுத்த ஹாந்தி அகராதியின் எழுத்தும் இன்றைய சிரிலிக்கும் கலந்தால் மதிப்பெண் குறையும்.