மாவு ஆட்டி விக்கிறவங்களுக்கு ஏது மகளிர் தினம்

மகளிர் தினம் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி என் ஃப்ரெண்ட் ஒருத்தி போன் பண்ணா, ஒரு காலேஜ்ல லெக்சரரா இருக்கா. "ஒரு பெண் தொழில்முனைவோரை கூப்பிட்டு பேச வைக்கணும்டி, உனக்கு தெரிஞ்சு யாராச்சும் இருக்காங்களா"ன்னு கேட்டா. நான் யோசிக்கவே இல்ல, எங்க சித்தி இருக்காங்களேன்னுட்டேன். சித்திகிட்ட போய் சொன்னா ஒரே சிரிப்பு. "நான் என்னடி தொழில்முனைவோரு, மாவு ஆட்டி விக்கிறேன். அதுவும் காலையில பத்து மணிக்காம்ல, அப்பதான நான் செத்த கண்ணசர்றதே"ன்னுட்டு உளுந்து களைய போயிட்டாங்க.

மதுரையில 11 வருஷமா சித்தி இட்லி மாவு போடுறாங்க. ஆரம்பத்துல தெருவுல நாலு வீட்டுக்கு தூக்குவாளியில ஊத்திக் குடுத்தது, இப்ப 18 கடைக்கு ஒரு நாளைக்கு 90 கிலோ போகுது. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஊறப் போட்டு சாயங்காலம் ஆறு மணிக்கு கிரைண்டர போட்டாங்கன்னா புது கிரைண்டர் வர்ற வரைக்கும் ராத்திரி பதினொன்னு ஆயிரும், ஏன்னா அப்ப இருந்தது ஒரே ஒரு 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர், ஈடு ஈடா எட்டு ஈடு ஓட்டணும், நடுவுல சமையல் சாப்பாடு பாத்திரம் எல்லாம் அவங்கதான். அப்புறம் காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு பாக்கெட் போட்டு குடுத்தா சித்தப்பா எக்ஸ்எல்ல கட்டிட்டு ஆறரைக்குள்ள கடைக்கெல்லாம் போட்டுட்டு அவரு லோடு வண்டிக்கு ஓடிருவாரு.

கடைக்கு கிலோ 35 ரூபான்னு போடுறோம், கடைக்காரர் 40க்கு விக்கிறாரு. அரிசி, உளுந்து, கவர், கரண்ட், பெட்ரோல் எல்லாம் போக கிலோவுக்கு ஏழு ரூபா நின்னா பெரிய விஷயம். அதுவும் உளுந்து நல்லா காணணும். பழைய உளுந்தா வந்துச்சுன்னா எவ்ளோ ஆட்டுனாலும் மாவு காணாது, அன்னைக்கு லாபம் அவ்ளோதான். இந்த ஏழு ரூபாவுல சித்தியோட கூலி சேரவே சேராது, அத யாரும் கணக்குல எழுதுறதும் இல்ல, நான் ஒரு தடவ எழுதிக் காட்டுனேன், "இதெல்லாம் எழுதுனா அப்புறம் எப்படிடி ஆட்டுறது"ன்னு நோட்ட புடுங்கி வச்சிட்டாங்க.

நான் பேங்க் லோன் கதைக்கு வர்றேன். மூணு வருஷம் முன்னாடி ஒரு ஹாஸ்டல்ல இருந்து தினமும் 60 கிலோ வேணும்னு கேட்டாங்க. அதுக்கு 20 லிட்டர் கிரைண்டர் ஒன்னு, ஒரு பெரிய ஃப்ரிட்ஜ், கையால இழுக்காத பாக்கெட் சீலிங் மெஷின், த்ரீ ஃபேஸ் லைன், எல்லாம் சேர்த்து 2,80,000 ரூபா ஆகும்னு கணக்கு போட்டோம். நான்தான் துள்ளிக் குதிச்சேன், சின்ன தொழிலுக்கு குடுக்குற முத்ரா லோன் இருக்கு சித்தி, 2015ல இருந்து குடுக்குறாங்க, 50,000க்கு மேல 5 லட்சம் வரைக்கும் கிஷோர்னு ஒரு வகை, நமக்குன்னே வச்ச மாதிரி இருக்குன்னு. அதுவரைக்கும் உணவு பாதுகாப்பு பதிவு கூட சித்தப்பா பேர்லதான் இருந்துச்சு! மாவுல கை வைக்காத மனுஷன் பேர்ல. வருஷத்துக்கு 100 ரூபா ஃபீஸ்தான், அத சித்தி பேர்ல புதுசா எடுத்தேன். சின்ன தொழில்னு அரசாங்கத்துல பதியுற உத்யம் பதிவு ஆதார வச்சு ஆன்லைன்லயே காசில்லாம முடிஞ்சிருச்சு, அந்த சர்டிபிகேட்ட கலர் பிரிண்ட் எடுத்து குடுத்தேன், சித்தி அத லேமினேட் போட்டு சாமி படத்துக்கு பக்கத்துல மாட்டுனாங்க.

பேங்க்ல (எந்த பேங்க்னு கேக்காதீங்க) மேனேஜர் நல்லாத்தான் பேசுனாரு. உக்கார சொன்னாரு. சித்தி ஆறு வருஷ கணக்கு நோட்டையும் மஞ்சப்பையில தூக்கிட்டு வந்திருந்தாங்க, எந்த கடை எந்த தேதி எத்தன பாக்கெட் எவ்ளோ ரிட்டர்ன் எல்லாம் அதுல இருக்கும். அவரு அந்த நோட்ட தொடவே இல்ல. மொத கேள்வி, "வீட்டுக்காரர் வரலையாம்மா?" ரெண்டாவது, "வீடு யார் பேர்ல இருக்கு?"

வீடு சித்தப்பாவோட அப்பா பேர்ல. ஐடி ரிட்டர்ன் கிடையாது. சித்தி பேர்ல என்ன இருக்குன்னா ஒரு ஸ்கூட்டி கூட இல்ல. சின்ன தொழிலுக்கு 10 லட்சம் வரைக்கும் அடமானம் கேக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்குன்னு நான் படிச்சிட்டு போனத சொன்னேன். "ரூல் இருக்கும்மா, நாளைக்கு வராக்கடன் ஆச்சுன்னா என்னத்தான கேப்பாங்க"ன்னாரு. அவரு சொன்னதுல பொய் இல்ல, அதான் எரிச்சலா இருந்துச்சு. கடைசில 50,000 வேணா பண்ணி தர்றேன்னாரு. நாங்க போட்ட கணக்குல 50,000 கால்வாசிக்கு கூட காணாது.

வெளிய வந்து பஸ்ஸுக்கு நிக்கிறப்ப சித்தி சாதாரணமா சொன்னாங்க, "நம்ம ஊரு வீடும் ரெண்டு குழி நிலமும் என் பங்கு இருந்திருந்தா இன்னைக்கு கேட்டிருக்க மாட்டான்ல." எனக்கு சுருக்குனு இருந்துச்சு. ஏன்னா அந்த பங்க விட்டுக்குடுத்த பத்திரத்துல எங்கம்மாவும்தான் கையெழுத்து போட்டாங்க.

தமிழ்நாட்டுல 1989லயே பொண்ணுக்கும் பூர்வீக சொத்துல சம பங்குன்னு சட்டம் வந்துருச்சு, அப்ப கல்யாணம் ஆகாம இருந்த பொண்ணுங்களுக்கு. இந்தியா முழுக்க 2005லதான் வந்துச்சு, நம்மாளுங்க 16 வருஷம் முன்னாடியே பண்ணிட்டாங்கன்னு பெருமையா சொல்லிக்கலாம். சித்திக்கும் அம்மாவுக்கும் கல்யாணம் ஆனது அதுக்கப்புறம்தான், சட்டப்படி ரெண்டு பேருக்கும் பங்கு உண்டு. ஆனா தாத்தா போனதுக்கப்புறம் கருமாதி முடிஞ்ச மூணாம் மாசம் மாமாங்க ரெண்டு பேரும் வேன் வச்சு ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு கூட்டிட்டு போயி விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கிட்டாங்க, திரும்பி வர்ற வழியில பிரியாணி, ஆளுக்கு ஒரு பட்டுச்சேலை. மாமாங்க கெட்டவங்க இல்ல, என் சடங்குக்கு தாய்மாமன் சீரு ஊரே பாக்கத்தான் செஞ்சாங்க. பங்கு கேட்டா பொறந்த வீட்டு வாசல் அடைஞ்சிரும்னு சித்திக்கும் அம்மாவுக்கும் பயம், அது ஒன்னும் கற்பனை பயம் இல்ல, எங்க தெருவுலயே கேஸ் போட்ட ஒரு அக்கா அண்ணன் வீட்டு கல்யாணத்துக்கு போக முடியாம இருக்காங்க. அந்த பட்டுச்சேலை இன்னும் சித்தி பீரோல இருக்கு. பேங்க்காரன் கேட்ட ஜாமீன் அன்னைக்கே அந்த வேன்ல போயிருச்சுன்னு எனக்கு அந்த பஸ் ஸ்டாப்லதான் புரிஞ்சுது.

மகளிர் சுயஉதவிக் குழு இல்லையான்னு கேப்பீங்க, இருக்கு. 1989ல தர்மபுரியில ஆரம்பிச்ச இந்த குழுத் திட்டம் இன்னைக்கு தமிழ்நாட்டுல எந்த தெருவுக்கு போனாலும் ஒரு குழு இருக்குற அளவுக்கு வளர்ந்திருக்கு. எங்க மதுரை பக்கத்துல இருந்து போன சின்னப்பிள்ளை அம்மா கால்ல வாஜ்பாயி விழுந்து கும்பிட்டது களஞ்சியம்ங்கிற மகளிர் சேமிப்புக் குழுவாலதான், 2019ல பத்மஸ்ரீயும் குடுத்தாங்க. கந்துவட்டிக்காரன் வாசல்ல நிக்காம பண்ணதுல குழுவுக்கு பெரிய பங்கு இருக்கு, அத நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா குழுக்கடன்னா 12 பேருக்கும் சமமாத்தான் பிரிப்பாங்க. ஒருத்தி ஸ்கூல் ஃபீஸ் கட்டுவா, ஒருத்தி ஆஸ்பத்திரிக்கு கட்டுவா, சித்தி பங்கு 60,000 வந்துச்சு. ஒருத்திக்கு மட்டும் மூணு லட்சம் குடுங்கன்னு கேட்டா மத்த 11 பேரும் ஜாமீன் நிக்கணும், எப்படி நிப்பாங்க, நானே நிக்க மாட்டேன்.

2013-14ல எடுத்த ஆறாவது பொருளாதார கணக்கெடுப்புல பெண்கள் பேர்ல இருக்குற தொழில்கள் நாடு முழுக்க 80 லட்சம்னு இருக்கு, மொத்தத்துல 100க்கு 14 கூட தேறல. அதுல அதிகம் தமிழ்நாட்டுலதான். இதுவரைக்கும் கேக்க நல்லாருக்கு. ஆனா அந்த 80 லட்சத்துல 83 சதவீதம் சம்பளத்துக்கு ஒரு ஆள் கூட இல்லாம ஓடுறது! அதாவது அப்ப எங்க சித்தி இருந்த மாதிரி, உடம்பு ஒன்னு, கிரைண்டர் ஒன்னு. முத்ரா கணக்குல மூணுல ரெண்டு பங்கு பெண்கள் பேர்லன்னு அரசாங்கம் சொல்லுது, சரிதான், ஆனா 50,000க்குள்ள குடுக்குற சிசு லோன்தான் எண்ணிக்கையில அதிகம். சிசுவாவே இருந்தா எப்ப எந்திரிச்சு நடக்குறது. இதுக்கு நடுவுல வீட்டுக்காரம்மா பேர்ல மானியம் வாங்கிட்டு அவங்களுக்கு செக் புக் எங்க இருக்குன்னே தெரியாத தொழிலும் இந்த கணக்குலதான் வருது, அது தனி கதை, இன்னொரு நாள் எழுதுறேன்.

கடைசில என்ன ஆச்சுன்னா சித்தி கல்யாண நகை ஆறு பவுனு அடகுக்கு போச்சு. அதுக்கு எந்த மேனேஜரும் வீட்டுக்காரர் வரலையான்னு கேக்கல, அரை மணி நேரத்துல காசு. அதோட குழுப் பணம் 60,000 சேர்த்து, ஃப்ரிட்ஜ் மட்டும் செகண்ட் ஹேண்டா எடுத்தோம். ஹாஸ்டல் ஆர்டர் அதுக்குள்ள வேற ஆளுக்கு போயிருச்சு, ஆனா புது கிரைண்டர் வந்ததுல சித்தி ஒன்பது மணிக்கெல்லாம் படுக்குறாங்க. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்க காலையில பாக்கெட் போட வர்றாங்க, மாசம் 4,500 சம்பளம். வருஷா வருஷம் வட்டிய மட்டும் கட்டி நகைய திருப்பி வச்சிட்டு வர்றோம், சித்தி கழுத்துல இப்ப மஞ்சக்கயிறுதான்.

காலேஜ் ஃபங்ஷனுக்கு சித்தி போகல, வேற ஒரு மேடம் வந்து தன்னம்பிக்கை பத்தி ரொம்ப நல்லா பேசுனாங்களாம். இப்ப கத்திரி வேற ஆரம்பிச்சிருச்சு. என்னதான் ஐஸ் தண்ணி ஊத்தி ஆட்டுனாலும் மத்தியானத்துக்குள்ள பாக்கெட் உப்பிக்குது, உப்புன பாக்கெட்ட கடைக்காரங்க அப்படியே திருப்பி குடுத்துர்றாங்க, அந்த நட்டம் முழுக்க நம்ம தலையிலதான். நேத்து மட்டும் 11 பாக்கெட். மூணு நாளா எங்க வீட்லயும் சித்தி வீட்லயும் குழிப்பணியாரம்தான், வெங்காயம் நிறைய போட்டா அந்த புளிப்பு தெரியாதுன்னு சித்தி சொல்றாங்க, நல்லாவே தெரியுது.