தானியம் இல்லாத குட்டி ட்ரீட்: கோழி படிஞ்சிருச்சு, ஈரல் இன்னும் படியல

என் நாயோட ட்ரெய்னிங்குக்குச் செய்யற கோழி ட்ரீட் ஒருவழியா நான் நினைச்ச மாதிரியே வந்துருச்சு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம, உள்ள மெத்துனு, கையில பிசுபிசுப்பே இல்லாம, சிலிக்கான் பேக்கிங் மேட்டை லேசா வளைச்சதும் பொலபொலன்னு தட்டுல கொட்டுச்சு. ஒரு பக்கம் குட்டிக் குட்டி பிரமிட் முட்டுகள் இருக்கிற பிரமிட் மேட்டைத் திருப்பிப் போட்டு அந்தக் குழியில ட்ரீட் சுடுறவங்களுக்கு இந்தச் சந்தோஷம் புரியும். ஒரு குழி கூட அடியில மிச்சம் வைக்கல!

முதல்ல தானியம் ஏன் வேணாம்னு சொல்லிடறேன். என் நாய் 4 கிலோ. டாக்டர் சொன்னபடி வழக்கமான 8 வார எலிமினேஷன் டயட் (சந்தேகமான பொருளையெல்லாம் நிறுத்திப் பார்க்கிற சாப்பாடு) முடிச்சு, அப்புறம் ஒவ்வொரு பொருளா சேர்த்துப் பார்த்ததுல, கோதுமை போட்டா பாதத்தை நக்கி நக்கியே சிவக்க வச்சுக்கறான்னு தெளிவா தெரிஞ்சுபோச்சு, அதோட கடையில விக்கிற பாதி ட்ரீட் எங்களுக்கு இல்லைன்னு ஆயிடுச்சு. மத்தபடி எல்லா நாய்க்கும் தானியம் கெடுதல்னு நான் சொல்ல மாட்டேன். 2013ல நேச்சர் இதழ்ல வந்த ஆய்வுலயே, ஸ்டார்ச்சை செரிக்க உதவுற ஏஎம்ஒய்2பி மரபணு நகல்கள் ஓநாயை விட நாய்க்கு நிறைய இருக்குன்னு காட்டிட்டாங்க. உணவு அலர்ஜி பத்தி 2016ல பழைய கேஸ்களைத் தொகுத்த ஆய்வுல மாட்டிறைச்சி 34%, பால் பொருள் 17%, கோழி 15%, கோதுமை 13%னு வந்துச்சு. அதாவது கோழியே கோதுமைக்கு முன்னாடி நிக்குது. நாய் சொறிஞ்சா உடனே தானியத்தை மட்டும் நிறுத்திட்டு சும்மா இருக்காதீங்க, டாக்டர்கிட்ட காட்டிட்டு முறையா சோதிச்சுப் பாருங்க.

இப்ப மாவு. எலும்பு, தோல், கொழுப்பு இல்லாத கோழி நெஞ்சுக்கறி 250 கிராம், ஒரு முட்டை, மரவள்ளி ஸ்டார்ச் 60 கிராம், தண்ணி பதம் பார்த்து. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் கிட்டக்கூட வரக்கூடாது, கடையில வாங்குற ஸ்டாக்ல (கறி வேகவச்ச சாறு) வெங்காயம் இருக்கும்ங்கறதால வெறும் தண்ணிதான். பட்டாணி மாவு, கடலை மாவு பக்கம் நான் போகல. 2018ல அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, தானியம் இல்லாம பருப்பு வகையும் உருளையும் நிறைய போட்ட டாக் ஃபுட்டுக்கும் இதயத்தசை நோய்க்கும் சம்பந்தம் இருக்கான்னு விசாரிச்சாங்க. அது முழுநேரச் சாப்பாட்டைப் பத்தின விஷயம், காரணமும் உறுதியாகல, அதனால குட்டி ட்ரீட்ல அது பெரிய கவலை இல்ல. ஆனா மரவள்ளியை எடுக்க எனக்கு இன்னொரு காரணமும் இருக்கு. இதுல அமைலோஸ், அதாவது ஆறினதும் ஸ்டார்ச்சை இறுக வைக்கிற பகுதி, கம்மி, அதனால ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்தாலும் கல்லு மாதிரி இறுகாது. ட்ரெய்னிங்குக்கு மெத்துனு இருக்கறதுதான் எல்லாமே. கடிச்சு மென்னுட்டு நின்னா அடுத்த கமாண்டுக்குள்ள நேரம் போயிடும், பொடியா உதிர்ந்தா தலையைத் தூக்காம தரையை மோந்துட்டே இருப்பான்.

தேங்காய் மாவும் போட்டுப் பார்த்தாச்சு, அது தண்ணியைக் குடிச்சுக்கிட்டே இருக்கு, முதல் மேட் நிரப்புறப்ப ஒரு பதம், ரெண்டாவது மேட்டுக்கு வர்றதுக்குள்ள களிமண் பதம். விட்டுட்டேன்.

சரி, முக்கியமான இடத்துக்கு வரேன், மாவைக் குழியில நிரப்பி மேல வழிக்கிறது. ரெசிபியை எல்லாரும் எழுதுறாங்க, இதை மட்டும் ஒரு வரியில "ஸ்கிரேப்பரால் சமப்படுத்தவும்"னு எழுதிட்டுப் போயிடறாங்க, எனக்குக் கோவமா வரும். மொத்த வேலையும் அங்கதான் இருக்கு. குழிக்கும் குழிக்கும் நடுவுல இருக்கிற அந்த மெல்லிசு வரப்பு மேல மாவு ஒரு படலம் மாதிரி தங்கிட்டாக்கூட, சூடு பட்டதும் அது தோல் மாதிரி ஆகி எல்லா ட்ரீட்டையும் ஒரே பாயா கோத்துடும். அப்புறம் ஒவ்வொண்ணா பிச்சு எடுக்கணும், பிச்சா ஓரம் கிழியும், கிழிஞ்சா ட்ரெய்னிங்குக்கு ட்ரீட் எடுத்துட்டுப் போற பவுச்சுக்குள்ள உதிரும்.

இதுல ரெண்டு விஷயம் கண்டுபிடிச்சேன். ஒண்ணு, வேகவச்ச கோழி வேணவே வேணாம், பச்சையாவே அரைக்கணும். வெந்த கறியை எவ்வளவு அரைச்சாலும் நார் இருக்கும், ஸ்கிரேப்பர் போற வழியெல்லாம் அந்த நாரும் கூடவே இழுபடும், ஒரு குழியில இருந்து அடுத்த குழிக்குப் பாலம் போட்டுடும். பச்சைக்கறியை ஃப்ரீசர்ல அரை மணி வச்சு, சில்லுன்னு இருக்கறப்பவே அரைச்சா பசை மாதிரி வழவழன்னு வருது. சூட்டுல அந்தப் புரதமே இறுகிப் பிடிச்சுக்கறதால ஸ்டார்ச்சும் கம்மியா போதும். பச்சைக்கறிங்கறதால சமையல் மேடை, கை, ஸ்கிரேப்பர் எல்லாத்தையும் உடனே சோப்புப் போட்டுக் கழுவிடணும், சால்மொனெல்லா கிருமி விளையாட்டு இல்ல. கோழிக்கு உள்சூடு 74 டிகிரி வரணும், இவ்வளவு சின்னத் துண்டுக்கு 160 டிகிரில 20 நிமிஷம் தாராளம்.

ரெண்டாவது, வழிக்கிற திசை. குழி வரிசையா இருக்கிற திசையில இழுத்தா ஸ்கிரேப்பர் விளிம்பு மொத்தமும் ஒரே நேரத்துல ஒரு வரப்பு மேல ஏறி இறங்குது, அந்த இடத்துல மாவு தங்கிடுது. மூலைக்கு மூலை, குறுக்கா இழுக்கணும். முதல் இழுப்பு சாய்ச்சுப் பிடிச்சு மாவைக் குழிக்குள்ள தள்ளறதுக்கு, ரெண்டாவது இழுப்பு கிட்டத்தட்ட நேரா நிமிர்த்திப் பிடிச்சு வரப்பைத் துடைக்கறதுக்கு, ரெண்டுக்கும் நடுவுல ட்ரேயை மேடையில நல்லா தட்டணும், குழி அடியில அடைஞ்சிருக்கிற காத்து மேல வந்து பொட்டுப் பொட்டுன்னு உடையும். வரப்போட சிலிக்கான் நிறம் பளிச்சுன்னு தெரியற வரைக்கும் விடாதீங்க. மேட்டை முதல்லயே ட்ரேல போட்டுட்டுத்தான் நிரப்பணும்னு தனியா சொல்ல வேண்டியதில்ல.

ஸ்கிரேப்பர்ல இரும்பு வேணாம், மேட்டை வெட்டிடும். வளையற பிளாஸ்டிக் அட்டைதான் சரி, ஆனா விளிம்பு நேரா இருக்கணும், தேய்ஞ்சு வளைஞ்சிருந்தா நடுவுல படலம் நிக்கும். மேட் விஷயத்துல, ஓரத்துல வரம்பு இல்லாததை வாங்காதீங்க, பாதி மாவு ட்ரேலதான் இருக்கும். மடக்கிப் பிழிஞ்சா வெள்ளைக் கோடு விழுற மேட்டையும் நான் தொடறதில்ல. அரை உருண்டைக் குழி மேட்டும் ஒண்ணு கிடைக்குது, பார்க்க அழகு, ஆனா அந்த ட்ரீட் தரையில விழுந்தா உருண்டு ஓடுது, நாயும் பின்னாடியே ஓடுது, காலோட ஒட்டி நடக்கிற பயிற்சி அதோட காலி. பிரமிட் விழுந்த இடத்துலயே உட்கார்ந்துக்கும். சின்ன நாய்க்குக் குனிஞ்சு குனிஞ்சு கொடுக்கறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு முதுகுக்குத் தெரியும்.

சுட்டு எடுத்ததும் கை வைக்காதீங்க. 10 நிமிஷம் ஆறினா ஓரம் சுருங்கிக் குழியை விட்டு விலகும், அப்ப மேட்டைப் பின்பக்கமா சுருட்டினா தானா விழும். அப்புறம் 80 டிகிரில, ஓவன் கதவு இடுக்குல மரக்கரண்டி சொருகி, ஈரம் மேல மட்டும் போற அளவுக்குக் கொஞ்ச நேரம். முழுசா காய வச்சா பிஸ்கட் ஆயிடும். இப்படி அரை ஈரமா இருக்கறதால வெளியில வைக்கவே கூடாது, ஃப்ரிட்ஜ்ல 3 நாளைக்குள்ள தீர்த்துடுவேன், மிச்சம் தட்டுல பரப்பி உறைய வச்சு, அப்புறம் பையில போட்டு ஃப்ரீசர். பவுச்ல போனது திரும்ப டப்பாவுக்கு வராது.

கணக்கு: இந்த அளவுக்கு மொத்தம் ஏறக்குறைய 560 கலோரி, குட்டிக் குழி மேட்ல சுமார் ஆயிரம் துண்டு, அப்ப ஒண்ணு அரை கலோரிக்குக் கொஞ்சம் மேல. 4 கிலோ நாய்க்கு, கருத்தடை பண்ணது, ஒரு நாளைக்கு 300 கலோரி சுமார், அதுல ட்ரீட் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 30 கலோரி, அதாவது 50 துண்டு. கூப்பிட்டா வர்ற பயிற்சியைத் தெருவுல பண்றப்ப 50 எல்லாம் பறந்துடும், இருந்தாலும் ஒரு கடை பிஸ்கட்டை நாலா உடைச்சுக் கொடுத்த காலத்தை நினைச்சா இது ராஜ வாழ்க்கை. அன்னைக்குச் சாப்பாட்டுல அந்த அளவைக் குறைச்சுடறேன்.

ஈரல்தான் இன்னும் மல்லுக்கட்டுது. அரைச்சா தண்ணியா ஆயிடுது, ஓவன்ல கொதிச்சுக் குழியை விட்டுப் பொங்கி வரப்பு மேல ஏறி, நான் துடைச்ச துடைப்பெல்லாம் வீணாக்கி, மறுபடி பாயா கோத்துக்குது. 140 டிகிரிக்குக் குறைச்சா பொங்கல் அடங்குது, ஆனா பிரமிட்டோட நுனி மட்டும் பிஞ்சு குழியில தங்குது. ஸ்டார்ச்சைக் கூட்டினா வாசனை குறையுது, வாசனைக்குத்தானே ஈரலே. எப்படியும் வைட்டமின் ஏ எக்கச்சக்கம் இருக்கறதால தினமும் கொடுக்கற ட்ரீட்டா இது ஆகாது, பூனை குறுக்க வந்தாலும் திரும்பி வரவைக்கிற அளவுக்கு ஒரு பலமான பரிசா மட்டும்தான் வேணும். அடுத்த தடவை கோழி மூணு பங்கு, ஈரல் ஒரு பங்குன்னு கலக்கப் போறேன், கோழியோட புரதம் பொங்கறதைப் பிடிச்சு வைக்கும்னு நம்புறேன்.

அதுக்கு நடுவுல தண்ணில அடைச்ச, உப்பு சேர்க்காத மத்தி மீன் டப்பா வேற வாங்கி வச்சுட்டேன். அது ஏற்கனவே வெந்தது, நார் பிரச்சினை திரும்ப வரும், முட்டையை ரெண்டா ஆக்கி சல்லடையில ஒரு தடவை வடிச்சுட்டு ஊத்தலாம்னு இருக்கேன். ஈரல் முடியற வரைக்கும் பொறுக்கணும்னு நினைச்சேன், முடியல, இந்த வாரமே மீன் மேட் ஏறுது.