ஹெரால்டின் தரைக்குத் தகடு தேடி

ஓட்டுநர் இருக்கையைக் கழற்றி, ரப்பர் மேட்டையும் அதற்கடியில் கிடந்த சணல் விரிப்பையும் தூக்கியபோது, விரிப்போடு சேர்ந்து தரையும் பொரி மாதிரி உதிர்ந்து வந்தது. ஓட்டை வழியாகப் பார்த்தால் எங்கள் வீட்டு வாசல் சிமெண்ட் தெரிந்தது. அப்பா முப்பது வருஷம் ஓட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு அது. அவர் போன பிறகு ஓரமாக நிறுத்தி வைத்திருந்தோம். கடல் காற்றும் இரண்டு மூன்று மழைக்காலமும் சேர்ந்து தரையைத் தின்றுவிட்டன.

ஹெரால்டு சென்னைக்கு நெருக்கமான வண்டி. இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டாக 1959இல் வந்தது. இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த உடல். 1961 முதல் இங்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு பெயரில் செய்தார்கள். எங்களுடையது நான்கு கதவு மார்க் 3. சிக்கலே இந்த நான்கு கதவில்தான். இங்கிலாந்தில் இரண்டு கதவு ஹெரால்டுதான் ஓடியது. அதற்கான புதுத் தகடுகளை இன்றும் அங்கே அச்சில் அடித்து விற்கிறார்கள், ஆனால் எங்கள் கதவுக்கு அவை உதவாது. தரைக்கு மட்டும் வரவழைக்கலாமா என்று பார்த்தேன். கப்பல் கூலியும் சுங்க வரியும் சேர்த்துக் கணக்குப் போட்டதும், கையால் அடித்துச் செய்வதென்று முடிவு செய்தேன்.

டிங்கரிங்குக்குப் புதுப்பேட்டையில் பழகிய பாய் ஒருவர் இருக்கிறார். வந்து பார்த்தார். தரையின் வலது பாதியை ஸ்க்ரூ டிரைவரால் குத்திக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். முன்பு ஒரு பட்டறையில் துருவை வெட்டி எடுக்காமல், அதன் மேலேயே ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய தகட்டை வைத்துப் பித்தளை வெல்டிங் பிடித்து, மேலே பட்டி பூசியிருந்தார்கள். பட்டிக்கும் தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் நின்று, ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றி ஓட்டை இரட்டிப்பாகியிருந்தது.

"தம்பி, வேலையை நான் பாத்துக்கறேன். தகடு மட்டும் மெதுவானதா பாத்துக் கொண்டு வாங்க. தகடு மெதுவா இருந்தாத்தான் சுத்தியல் சொன்னதைக் கேக்கும்" என்றார் பாய்.

மெதுவான தகடு என்ற அந்த ஒரு வார்த்தையின் முழு அர்த்தம் எனக்குப் புரிய ஒன்றரை மாதம் ஆனது.

முதலில் அளவு. அழுகாத இடத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, இரண்டு பக்கமும் பெயின்டைச் சுரண்டிவிட்டு ஸ்க்ரூ கேஜில் வைத்தேன். 0.9 மில்லிமீட்டர் காட்டியது, அதாவது 20 கேஜ் (கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமனாகும்). பெயின்டோடு அளந்திருந்தால் 1.2 என்று தப்பாக எடுத்து, 18 கேஜ் வாங்கியிருப்பேன். அதைக் கையால் அடித்து வளைப்பது பெரும்பாடு.

அளவோடு பாரிமுனை செம்புதாஸ் தெருவுக்குப் போனேன். இரும்பு வாங்க யாரும் முதலில் போகும் இடம் அதுதான். "20 கேஜ் ஷீட்" என்று கேட்டதும் பளபளவென்று பூப்பூவாக இருந்த ஒரு தகட்டைக் காட்டினார்கள். அது ஜிஐ, துத்தநாகம் பூசியது. கூரைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நல்லது. வெல்டிங் வைத்தால் துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதை மூச்சில் இழுத்தால் ராத்திரி காய்ச்சலும் நடுக்கமும் வரும், பற்றும் சுத்தமாக நிற்காது. இன்னொரு கடையில் நீலம் பாய்ந்த கறுப்புத் தகடு இருந்தது. அது ஹெச்ஆர், சூட்டில் உருட்டியது, மேலெல்லாம் செதில். எனக்கு வேண்டியது சிஆர், குளிர்நிலையில் உருட்டியது. சாம்பல் நிறத்தில் வழவழவென்று, தொட்டால் விரலில் எண்ணெய் ஒட்டும். அதைக் கேட்டு வாங்கத் தெரியாமல் அந்தத் தெருவுக்குப் போய்ப் பயனில்லை.

சரி, சிஆர் கிடைத்தது. ஆனால் எட்டுக்கு நாலு அடி முழு ஷீட்டாகத்தான் கொடுப்பார்களாம். 0.9 மில்லியில் ஒரு ஷீட் ஏறத்தாழ 21 கிலோ வரும். எனக்கு வேண்டியதோ அதில் பாதிக்கும் குறைவு. கெஞ்சிக் கேட்டு வேறொரு கடையில் ஒரு கட் பீஸ் வாங்கி வந்தேன். பாய் அதிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு நறுக்கி, வைஸில் பிடித்து மடக்கி, சுத்தியலால் தட்டையாக அடித்தார். மடிப்பின் வெளிப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். மயிரிழை போல நாலைந்து விரிசல். "இது முறுக்கு ஏறின தகடு. வளைச்சு எடுக்கறதுக்குள்ள கிழிஞ்சிரும்" என்று ஓரமாக வைத்துவிட்டார்.

பிறகு நானே ஒரு குறுக்குவழி யோசித்தேன். புதுப்பேட்டையில்தான் உடைத்த கார்கள் குவிந்து கிடக்கின்றனவே, ஒரு பானெட்டை வாங்கி வெட்டிக்கொண்டால் என்ன? வாங்கியது கொஞ்சம் புது மாடல் காரின் பானெட். அளந்தால் 0.7 மில்லிதான். அதைவிட, கையால் வளைத்து விட்டால் வில் மாதிரி திரும்பி வந்தது. இப்போதைய கார்களில் எடையைக் குறைக்க மெல்லிசாக, ஆனால் வலு கூடிய இரும்பைப் போடுகிறார்கள். அது அச்சில் அடிப்பதற்கானது, மணல் மூட்டை மேல் வைத்து அடிப்பதற்கு இல்லை. பழைய காருக்குப் பழைய காரின் தகடு சரிவரும். பாயும் ஒரு அம்பாசடர் கூரை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன் என்றார். அன்றைக்கு அது கிடைக்கவில்லை.

கடைசியில் வழி திறந்தது அம்பத்தூர் எஸ்டேட்டில். அங்கே காருக்கும் பைக்குக்கும் உதிரி பாகம் அடிக்கும் பிரஸ் பட்டறைகள் நிறைய. அவர்களுக்குத் தகடு வெட்டிக் கொடுக்கும் ஒருவரிடம் நண்பர் அழைத்துப் போனார். நான் சிஆர், 20 கேஜ் என்றதும் அவர் கேட்டார்: "டிடியா, ஈடிடியா?"

இத்தனை நாளில் எந்தக் கடையிலும் என்னைக் கேட்காத கேள்வி. சிஆர் தகட்டுக்கான ஐஎஸ் 513 தரத்தில் ஓ, டி, டிடி, ஈடிடி என்று படிகள் உண்டு. புதிய பதிப்பில் சிஆர்1, சிஆர்2 என்று எண் கொடுத்துவிட்டார்கள், ஆனால் வியாபாரத்தில் பழைய பெயர்தான் ஓடுகிறது. ஆழமாக இழுத்து அச்சடிக்க டீப் டிராயிங், அதாவது டிடி. அதற்கும் மேல் மென்மையானது ஈடிடி. பாய் சொன்ன மெதுவான தகடு இதுதான்! அவர் கைக்குத் தெரிந்த குணத்துக்குக் காகிதத்தில் இருக்கும் பெயர். டிடியில் மிச்சம் விழுந்த ஒரு துண்டை எடைக்குப் போட்டுக் கொடுத்தார். நாலடிக்கு மூன்றடி, எட்டுக் கிலோ அளவுக்கு வந்தது. அங்கேயே ஒரு துண்டு நறுக்கி மடக்கி அடித்துப் பார்த்தேன். மடிப்பு துணி மடித்தாற்போலப் படிந்தது. விரிசல் இல்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகம். ஹெரால்டுக்கு உடலைத் தாங்கும் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம் உண்டு. ஆனாலும் தரையை வெட்டும்போது உடல் தொய்ந்து கதவு இடைவெளி மாறிவிடக் கூடாது என்பதற்காக, கதவுத் திறப்பின் குறுக்கே சதுரக் குழாய் வைத்துப் பற்றவைத்தார் பாய். காலண்டர் அட்டையில் மாதிரி வெட்டித் தகட்டில் கோடு போட்டோம். தரையில் நீளமாக ஓடும் வரிகள் வெறும் அழகுக்கு இல்லை. அவை இல்லாவிட்டால் தரை டப்பா மூடி மாதிரி டொக் டொக்கென்று அடிக்கும். அவற்றுக்காகப் பாய் ஒரு வேல மரக்கட்டையில் உளியால் பள்ளம் எடுத்து, தகட்டை மேலே வைத்து, முனை மழுக்கிய உளியால் விரல் விரலாக நகர்த்தி அடித்தார். ஒரு வரிக்கு முக்கால் மணி நேரம். நான் எதிர்முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் தகடு கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்துக்குள் இறங்குவது உள்ளங்கைக்குத் தெரிந்தது. அப்பா இருந்திருந்தால் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்.

வெல்டிங்குக்குச் சிஓ2 மெஷின். ஒரே ஓட்டமாக வைத்தால் சூட்டில் தகடு நெளியும். அதனால் ஒரு பொட்டு இங்கே, அடுத்தது எதிர் மூலையில், ஆறவிட்டு மறுபடி. சிஆர் தகடு ஒரு ராத்திரி ஈரக்காற்றில் கிடந்தாலே கைரேகை பட்ட இடமெல்லாம் சிவந்துவிடும் என்பதால், அன்றைக்கே தின்னரால் துடைத்து ப்ரைமர் அடித்தோம். இணைப்புகளில் சீலர், அடியில் அண்டர்கோட்டிங். உள்ளே சணல் விரிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஈரத்தைக் குடித்து வைத்திருந்தது அதுதான்.

மிச்சம் இரண்டு கிலோ போலத் தகடு இருக்கிறது. எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். இடது பின்கதவின் அடிப்பக்கம் தட்டினால் மொத்தையாகச் சத்தம் வருகிறது, தண்ணீர் வடியும் துளைகள் அடைத்திருக்கின்றன. தை பிறந்து வெயில் ஏறியதும் கதவைக் கழற்றிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் பாய்.