ஈர வேட்டியும் ஓங்கிய கையும்

என் கணவருக்கு மறதி நோய் என்று தஞ்சாவூரில் நரம்பியல் டாக்டர் சொன்னபோது, பேர் மறக்கும், வழி மறக்கும் என்பதற்கெல்லாம் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டேன். வேட்டியிலேயே மூத்திரம் போவார், அதை மாற்றப் போனால் அடிப்பார் என்று யாரும் சொல்லவில்லை. சொந்தக்காரர்களிடம் வாய் திறந்து பேசுகிற விஷயமும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இவர் மன்னார்குடிப் பக்கம் காலமெல்லாம் விவசாயம் பார்த்தவர். எங்கள் வீடு முற்றம் வைத்த பழைய வீடு, பாத்ரூம் கொல்லைக் கோடியில். ராத்திரி எழுந்தால் திசை தெரியாமல் முற்றத்தில் போவார், சில நாள் பத்தாயத்து மூலையில். பகலில் எழுந்து நிற்பதற்குள் நனைந்துவிடும். மாற்றிவிடலாம் என்று வேட்டி முடிச்சில் கை வைத்தால், "யாருடி நீ, என் துணிய அவுக்கிறே?" என்று கை ஓங்குவார். அடியும் விழும். வளையல் உடைந்து கீறிய தழும்பு மணிக்கட்டில் இருக்கிறது. அவர் பக்கம் நின்று பார்த்தால் நியாயம்தான். முன்பின் தெரியாத பொம்பளை வேட்டியை அவிழ்த்தால் எந்த ஆம்பளை சும்மா இருப்பார்?

உள்ளூரில் ஒரு டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். சத்தம் குறைந்தது, ஆனால் கால் தள்ளாடியது, படுக்கை முன்னைவிட நனைந்தது. தஞ்சாவூர் டாக்டர் கேட்ட கேள்வி வேறு: "கோபம் கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சா, திடீர்னு கூடுச்சா?" திடீரென்று என்றால் முதலில் மூத்திரத்தைப் பரிசோதிக்க வேண்டுமாம். வயதானவர்களுக்கு மூத்திரத்தில் கிருமி இருந்தால் காய்ச்சலோ எரிச்சலோ இல்லாமல், வெறும் குழப்பமும் மூர்க்கமுமாகவே தெரியலாம். இவருக்கு அதுதான். கூடவே மலச்சிக்கல், குடல் அடைத்திருந்தால் மூத்திரப்பையை அழுத்தும். மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற பிராஸ்டேட் சுரப்பியையும் ஸ்கேனில் பார்த்தார்கள். கிருமிக்கு மருந்து முடிந்ததும் அடிதடி பாதி அடங்கிவிட்டது.

மாத்திரைகளையும் ஒன்றொன்றாகக் காட்டிக் கேட்டேன். பிரஷருக்கான நீர் மாத்திரையைச் சாயங்காலத்திலிருந்து காலைக்கு மாற்றச் சொன்னார். மறதிக்குத் தருகிற டோனெபெசில் சிலருக்கு மூத்திர அவசரத்தைக் கூட்டும். மூத்திரத்தை அடக்குகிற மாத்திரைகளில் சில மறதியை மோசமாக்கும். மூர்க்கத்துக்கென்றே தருகிற மனநோய் மாத்திரைகள், மறதி நோய்க்காரர்களுக்குப் பக்கவாதம், உயிராபத்து இரண்டையும் கூட்டும் என்பதால், ஆபத்தான கட்டத்தில் மட்டும், குறைந்த அளவில், கொஞ்ச காலத்துக்கு என்றார். எங்களுக்கு அதுவரை போகவில்லை. தேவைப்பட்டிருந்தால் கொடுத்திருப்பேன், அதில் எனக்கு வீம்பு கிடையாது.

மற்றதெல்லாம் வீட்டில் பழகிக்கொண்டது. இரண்டு மணிக்கொரு தரம் கூட்டிப் போகிறேன். "போகணுமா?" என்று கேட்பதில்லை, கேட்டால் இல்லை என்றுதான் வரும். "வாங்க, கொல்லைப்பக்கம் போயிட்டு வந்துடலாம்" என்று முன்னால் நடந்தால் பின்னாலேயே வருவார். தண்ணீரைக் குறைக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். குறைத்தால் கிருமியும் மலச்சிக்கலும் திரும்பி வரும். பொழுது சாய்ந்தபின் காபியை மட்டும் நிறுத்தினேன். கமோடு நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றுவிட்டார், கட்டிலோரம் வைக்கிற யூரின் கேனுக்கு ஒத்துக்கொண்டார். ஒட்டுகிற டயப்பரைப் பிய்த்துப் போட்டார். பேன்ட் மாதிரி மாட்டுவதைக் கையில் கொடுத்து, "கோவணம் கட்டிக்கிட்டுப் படுங்க" என்றதும் மாட்டிக்கொண்டார். ராத்திரிக்கு மட்டும்தான் அது, பகலில் லுங்கி.

இப்போது நான் முடிச்சைத் தொடுவதே இல்லை. முன்பக்கமாக, கண்ணில் படும்படி வந்து, "செம்புத் தண்ணி கொட்டிருச்சுங்க, வேட்டி ஈரமாயிடுச்சு" என்பேன். காய்ந்த வேட்டியை விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவரே அவிழ்த்துப் போடுவார். பெரும்பாலும் நடக்கும். கை ஓங்கினால் எட்டாத தூரத்துக்கு நகர்ந்துவிட்டு, பத்து நிமிஷம் கழித்து வேறு முகத்தோடு வருவேன். ஈரத்தில் பத்து நிமிஷம் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்துத் தேங்காய் எண்ணெய்.

ராத்திரிதான் கஷ்டம். ஜூனில் மேட்டூர் திறந்த செய்தியை டிவியில் கேட்டாரோ இல்லையோ, நடுராத்திரியில் எழுந்து "மடை தொறக்கணும்" என்று மண்வெட்டியைத் தேடினார். வாசலை மறித்த என்னை ஒரே தள்ளு. எங்கள் வயலைக் குத்தகைக்குப் பார்க்கிற தம்பி சத்தம் கேட்டு ஓடிவந்து, "அண்ணே, இன்னிக்கு முறை மேலக்கரைக்கு, நமக்கு நாளைக்குத்தான்" என்றது. "அப்படியா, சரி" என்று போய்ப் படுத்துவிட்டார்! இப்போது நானும் அதையே சொல்கிறேன். ஆனால் கேனை முதலில் நீட்டிவிடுவேன். அவரை எழுப்பிவிடுவது பெரும்பாலும் மூத்திரம்தான், மடை அப்புறம் நினைவுக்கு வருவது. மண்வெட்டி, அரிவாள், பூச்சி மருந்து எல்லாம் தம்பி வீட்டுக் கொட்டகையில் பூட்டிக் கிடக்கின்றன. பக்கத்திலேயே வாய்க்கால், அதனால் வாசல் கதவுக்கு மேலே, அவர் பார்வை போகாத உயரத்தில் தாழ்ப்பாள்.

தாங்க முடியாத ஒரு நாள் 14416க்குப் போன் செய்தேன். டெலி மானஸ் என்கிற, மனக்கஷ்டத்துக்கு ஆலோசனை சொல்கிற அரசு எண், 2022இல் வந்தது, ராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள். அவரைப் பற்றிக் கேட்க எடுத்தவள், என்னைப் பற்றியே பேசி அழுதுவிட்டு வைத்தேன். முதியோர் உதவிக்கு 14567 இருக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்கிற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிற பெண்ணிடம் முதுகிலும் தொடையிலும் புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் இருக்கும் மகன், ஹோமில் விட்டுவிடலாம் என்கிறான். இன்னும் நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. இப்போதைக்கு, சம்பளம் பேசி அந்தத் தம்பியையே குளிப்பாட்ட வரச் சொல்லியிருக்கிறேன். பம்புசெட்டடியில் உட்கார்த்தி, காலிலிருந்து மேலே மேலே மெதுவாக ஊற்றும். ஆம்பளைக்கு ஆம்பளை என்பதாலோ என்னவோ, அங்கே இவர் கை ஓங்கியதே இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. அந்த நேரத்தில் நான் படுத்துத் தூங்கிவிடுவேன். புருஷனைக் குளிப்பாட்டக்கூட ஆள் வைத்திருக்கிறாள் என்று தெருவில் பேசினால் பேசிக்கொள்ளட்டும்.