ஜூனில் வந்த குளிர்

ஆப்பிரிக்காவுக்குப் போகிறவளுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று தேனிப் பக்கம் எங்கள் ஊர் போடியில் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டார்கள். அம்மா பெட்டியில் ஆறு பருத்திச் சேலையும் ஒரு பனையோலை விசிறியும் வைத்துக் கட்டினாள். 2019 ஜூனில் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வந்து இறங்கிய முதல் ராத்திரி, அந்த ஆறு சேலையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு படுத்தேன். விசிறிக்கு டிசம்பரில்தான் வேலை வந்தது.

டர்பனிலிருந்து மேற்கே எண்பது கிலோமீட்டர் உள்ளே ஏறினால் இந்த ஊர். மாரிட்ஸ்பர்க் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சுற்றிலும் மேடு, நடுவில் பள்ளம். பூமியின் தென்பாதி என்பதால் ஜூன், ஜூலைதான் இங்கே குளிர்காலம், மழையே கிடையாது. பகலில் பளீரென்று வெயில் அடிக்கும், மத்தியானம் அரைக்கை சட்டை போதும். சூரியன் இறங்கியதும் குளிர்ந்த காற்றெல்லாம் பள்ளத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சில ராத்திரிகளில் நாலைந்து டிகிரிக்கு இறங்கி, காலையில் பள்ளத்துப் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். வீடுகளோ கோடைக்கென்று கட்டியவை. வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள்தான் அதிகம் குளிரும். ஹீட்டர் வாங்கினோம். வாங்கி வைத்தால் கரண்ட் இல்லை. லோட்ஷெடிங் என்று அதற்கு இங்கே நாகரிகமாக ஒரு பெயர். போடிக்காரிக்குப் பவர்கட் புதிதா என்ன, போர்வைக்குள் புகுந்துகொண்டேன்.

இந்த ஊர் ரயில் நிலையத்தில்தான் 1893 ஜூன் 7 அன்று ராத்திரி காந்தியை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவமானத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். குளிரைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. மேல்கோட்டு சாமான்களோடு ரயில்வேக்காரர்கள் கையில் இருந்தது. கேட்டால் இன்னொரு அவமானம் வருமோ என்று கேட்காமலே காத்திருப்பு அறையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். வந்த முதல் வாரம் அந்த அறையைப் பார்க்கப் போனோம். கணவர் கல்வெட்டைப் படித்துக்கொண்டிருந்தார். நான் அந்த மேல்கோட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர்த் தோழிகள் நாலு பேருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. ஒருத்தி ஏலக்காய்க் கடைக்காரி, அப்பா காலத்து மண்டியை இப்போது அவள்தான் பார்க்கிறாள். ஒருத்தி டீச்சர். ஒருத்தி மதுரையில் வாக்கப்பட்டவள். யாரும் தட்டச்சு செய்யமாட்டோம், குரல்பதிவுதான். போடியில் காலை ஐந்து மணி என்றால் இங்கே ராத்திரி ஒன்றரை. நான் எழுந்திருக்கும்போது பத்துப் பதினைந்து பதிவு காத்திருக்கும். காபி ஆறும்வரை கேட்பேன்.

டீச்சர் மகளுக்குக் கம்பத்தில் மாப்பிள்ளை பார்த்தது, தட்டு மாற்றுகிற அன்று மாப்பிள்ளையின் பெரியப்பா கோபித்துக்கொண்டு போனது, அவரைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வந்தது என்று ஒரு கல்யாணம் முழுவதையும் காதாலேயே பார்த்துவிட்டேன். 2023 ஜூனில் மதுரைக்காரி ஒரு வீடியோ அனுப்பினாள். போடிக்கு ரயில் வருகிறது! மீட்டர் கேஜ் வண்டியை 2010 கடைசியோடு நிறுத்தினார்கள். அகலப் பாதை போட்டு வண்டி மறுபடி ஊருக்குள் வர பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. "ஏ புள்ள, இனிமே ராத்திரி ஏறிப் படுத்தா சென்னைதான்" என்கிறாள். பின்னால் ஒரே விசில் சத்தம். அங்கே எல்லோரும் வியர்த்து வழிகிறார்கள். நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பார்க்கிறேன்.

இதுதான் எனக்கு ஒத்துவராத விஷயம். நான் நடுங்கும்போது அவர்களுக்குக் குளிர் ஞாபகம் வராது. அவர்களுக்கு மார்கழி பிறக்கும்போது எனக்கு இங்கே உச்சிக் கோடை, சாயங்காலம் இடியும் மழையும். பூசணிப்பூ வைத்த கோலத்தை டீச்சர் படம் எடுத்து அனுப்பினால், அதை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பார்ப்பேன். அழகாகத்தான் இருக்கும். உடம்பில் ஏறாது.

அப்புறம் பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது வயதுக்கு மேல். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்த ட்ரூரோ கப்பலில் 342 பேர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக இறங்கினார்களே, அதற்குச் சில வருஷம் கழித்து வந்தவர் அவருடைய கொள்ளுத்தாத்தா. கப்பல் பதிவேட்டில் வட ஆர்க்காடு என்று இருக்கிறதாம். அக்காவுக்குத் தமிழ் பேச வராது. ஆனால் ரசம், வடை, தாத்தா, பெரியம்மா, சாமி எல்லாம் பேச்சில் வந்துகொண்டே இருக்கும். புரட்டாசி முழுக்கக் கறி தொடமாட்டார். எனக்குத்தான் இரண்டாம் சனிக்கிழமைக்கே நாக்கு தடுமாறும்.

இவர்கள் மாதங்களை அப்படியே வைத்துக்கொண்டார்கள், பருவம் மட்டும் தலைகீழாகிவிட்டது. ஆடிக்கூழ் இங்கே உறைகிற குளிரில் காய்கிறது. பரிட்ஜ் பிரேயர் என்கிறார்கள். எங்கள் ஊரில் ஆடிக்கூழ் என்றால் வெயிலுக்கு வயிற்றைக் குளிர்விக்க; இங்கே அக்கா தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துச் சூடு காய்ந்துகொண்டே குடிக்கிறார். தைப்பூசக் காவடி சுடுகிற தார்ச்சாலையில் வெறுங்காலோடு போகிறது. மாரியம்மன் கோயில் தீமிதி குட் ஃப்ரைடேயில். தோட்டத்தில் லீவு விட்ட நாள் அதுதான் என்று அக்கா காரணம் சொன்னார். பாயசம் வைக்க ஏலக்காய் வேண்டும் என்று இந்த ஊர் ரைஸ்தோர்ப் பகுதியில் கடைக்குப் போனால், அங்கே அதற்கு ஏலாச்சி என்று பெயர். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் குவாத்தமாலா! படம் எடுத்துக் குழுவில் போட்டேன். கடைக்காரி கொதித்துவிட்டாள். "காய் எட்டு எம்எம் இருக்குமாடி அது? நெறத்தப் பாரு, வாசனை இருக்கா?" வாசனை இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

2022 கார்த்திகையில் அவள் அப்பா தவறிப்போனார். செய்தி எனக்கு வந்தபோது காரியமே பாதி முடிந்திருந்தது. என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவர் கொடுத்த சாக்கைப் பற்றிச் சொன்னேன். நாங்கள் ஏழாவது எட்டாவது படிக்கையில், மார்கழி விடிகாலையில் கோயிலுக்குப் போகும் வழியில் அவர் மண்டி முன்னால் நிற்போம். மலையிலிருந்து இறங்குகிற காற்று காதை அறுக்கும். தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்புகள் போடிமெட்டு பக்கம் வரிசையாகக் கிளம்பும். பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணி முடிப்பதற்குள் அது போய்விடும். அவர் காலிச் சாக்கை மூலைக்குள் மூலை மடித்துக் கொங்காணியாக்கி எங்கள் நாலு பேர் தலையிலும் போட்டுவிடுவார். கோயிலில் பொங்கல் வாங்கும்போது ஐயர், "ஏலக்காய் மூட்டை நாலும் வந்தாச்சா?" என்பார். பள்ளிக்கூடம் விடும்வரை தலைமுடியில் அந்த வாசனை இருக்கும்.

பதிவை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது, பதினோரு நிமிஷம். முக்கால்வாசி அழுகை. கடைசியில் மட்டும், "சாக்கு இன்னும் இருக்குடி, நான் எதையும் தூக்கிப் போடல" என்றாள்.

போன ஜூனில் ஒரு நாள் காலையில் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். வீடியோ அழைப்பு, கடைக்காரி. திரையில் ஒரே வெள்ளை. போடிமெட்டு தாண்டி, பூப்பாறைக்கு அந்தப் பக்கம் ஏலத் தோட்டம் பார்க்கப் போயிருக்கிறாள். தென்மேற்குப் பருவமழை, மலை முழுக்க மேகம். தலையில் கொங்காணி. ஐம்பது வயதுக்காரி அப்படியே எட்டாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நின்றாள்.

"இங்கயும் குளுருதுடி. ஜூன்ல மேல வந்தா குளுரும்னு எனக்கு இத்தனை நாளா தோணல பாரு" என்றாள். போனைக் கிட்டே வைத்து ஊதிக் காட்டினாள், வாயிலிருந்து புகை வந்தது. நான் அடுப்பை விட்டு ஜன்னலோரம் போய் ஊதினேன். எனக்கும் வந்தது. "பெருசா ஊது, தெரியல" என்றாள். இன்னும் பெரிதாக ஊதினேன். அதற்குள் சிக்னல் போய்விட்டது. ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது.